சுபாசின் பங்கு

சோளகக் காற்றுப் பிடித்துவிட்டால் அந்தக் கரையில் உடுப்புக் காய வெயில் தேவையில்லை. காற்றே காயவைத்துக் கையில் தந்துவிடும். சும்மா தராது, அரைக் கொத்து மணலையும் சேர்த்துத்தான் தரும். றெபேக்கா அந்தக் காற்றோடுதான் இரண்டு வருஷமாக மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள். விடிந்தால் வாளியும் சவர்க்காரமும், பொழுதுபட்டால் ஸ்திரிக்கைப் பெட்டி. வெண்மணல் கழகத்து உதைபந்தாட்டக்காரர் போடுகிற பச்சைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, முழங்கால்வரை ஏறுகிற மேசு எல்லாம் அவளுடைய வளவில்தான் தோய்ந்து காய்ந்தன. கழகம் அவளுக்குக் கொடுத்த வேலை அது. அவளுடைய புருஷன் றொபின் அந்தக் கழகத்தின் கோலி, வலைக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிறவன். ஒன்றாம் நம்பர்ச் சட்டை அவனுடையது. அணித் தலைவனும் அவன்தான்.

முன்பெல்லாம் ஊருக்கு விளையாடினவனுக்கு ஒரு சோடாவும் முதுகில் ஒரு தட்டும் கிடைத்தால் பெரிய காரியம். இப்போது வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் காசு போட்டு ஒரு லீக் நடத்துகிறார்கள். கழகத்துக்கு ஒரு முதலாளி, ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம், மாதச் சம்பளம். வெண்மணலின் முதலாளி கனடாவில். ஊரில் ஒருவரும் அவரை நேரில் கண்டதில்லை, கைத்தொலைபேசியில் தலையை மட்டும் கண்டிருக்கிறார்கள். றொபின் மேசன் வேலையை விட்டுவிட்டு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தபோது, ஊர் அவனை வேலை கிடைத்த மனுஷனாய்ப் பார்த்ததா, வேலையை விட்ட விசரனாய்ப் பார்த்ததா என்று றெபேக்காவுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

எல்லாம் நன்றாய்த்தான் போனது, நிருஷனின் முழங்கால் போகும்வரை. வலது பக்கம் ஓடுகிற பெடியன். பருத்தித்துறை மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் திரும்பினான், கால் திரும்பவில்லை. உள்ளே சவ்வு அறுந்துவிட்டது, ஒப்பறேசன் செய்தால்தான் இனி ஓடலாம் என்றார்கள். கழகம் கையை விரித்தது. காயம் ஆட்டக்காரனின் பொறுப்பாம், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். அந்த மாதத்தோடு அவனுடைய பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு றொபின் ஆட்டக்காரர் எல்லோரையும் நிருஷனின் வீட்டு முற்றத்தில் கூட்டினான். நிருஷனுக்கு ஒப்பறேசன் செய்விக்கும்வரை ஒருவரும் மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று முடிவானது. முதல் சனிக்கிழமை வெண்மணல் இறங்கவில்லை. இரண்டாம் முறையும் பதினொரு பேரை இறக்காத கழகம் அந்தப் பருவத்திலிருந்து விலக்கப்படும் என்பது லீக்கின் சட்டம். அதனால் கழகம், முகாமையாளர் இராசசிங்கம் மாஸ்ரரை விட்டு, மாற்று ஆட்டக்காரரைத் தேடத் தொடங்கியது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அலைந்து பத்துப் பேரைப் பிடித்தார்கள். கோலிதான் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் கோலி நிற்கத் தெரிந்தவன் வீடெல்லாம் றொபின் போயிருந்தான். எல்லோரும் வரமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"இந்தச் சனிக்கிழமை மட்டும் தாண்டட்டும்," என்றான் றெபேக்காவிடம். "கனடா தானாய் இறங்கி வரும்."

"அதுவரைக்கும் இந்தச் சட்டையளை என்ன செய்யிறது? கடைசியாய் விளையாடினது அப்பிடியே கிடக்கு."

"தோய். சட்டை என்ன பாவம் செய்தது? நாங்கள் திரும்பப் போடுற சட்டைதானே."

அவளும் தோய்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்திரிக்கை போட்டு மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய தம்பி சுபாஸ் வந்தான். கரையில் நின்று இழுக்கிற கரைவலையில் கயிறு பிடித்துவிட்டு நேரே வந்திருந்தான். கழுத்தெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கையில் ஒரு பையில் சூடை மீன். குசினி வாசலில் பையை வைத்துவிட்டு நிலத்தில் குந்தினான்.

"அத்தான் எங்கை?"

"நிருஷன் வீட்டை. அங்கைதான் இப்ப குடியிருப்பு. பிளேன்ரீ போடட்டே?"

"போடு." அவன் மடித்து வைத்த சட்டைகளைப் பார்த்தான். "அக்கா, அத்தான்ரை இடத்துக்கு ஆரும் வந்திட்டினமோ?"

"ஒருத்தரும் வராயினம். அதுதானே அவருக்கு நம்பிக்கை."

"இராசசிங்கம் மாஸ்ரர் காலமை கரைக்கு வந்தவர். மன்னாரிலை ஒருத்தனைப் பாத்திருக்கினமாம். அவன் வந்தால் அவனைத்தான் பருவம் முழுக்க வைச்சிருப்பினமாம்."

"சொல்லட்டும். சொல்லுறதுக்கென்ன, வாய் அவையின்ரை."

"வெறுமையாய்க் கிடந்தால் பிறத்தியான் வந்து பிடிச்சிடுவான் அக்கா."

றெபேக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, காற்று மேசு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வேலிப்பக்கம் ஓடியது. அதைப் பிடிக்க ஓடினாள். திரும்பி வந்தபோது சுபாஸ் மடித்த சட்டைகளைப் பையில் போட்டுக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தான்.

"நான் ரவுணுக்குத்தான் போறன். மாஸ்ரர் வீட்டிலை குடுத்து விடுறன். நீ ஏன் பஸ்சுக்கு நிண்டு காயிறாய்?"

"நல்லதாய்ப் போச்சு," என்றாள் அவள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

அந்தக் கரையில் கரைவலைக்கு ஒரு முறை உண்டு. கயிற்றைப் பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஓரிடம். அந்தப் பருவம் முழுக்க அது அவனுடையது. அவன் காய்ச்சலென்று படுத்தாலும் சரி, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு கோபித்துக்கொண்டு வீட்டில் குந்தியிருந்தாலும் சரி, அந்த இடத்தில் அவனுடைய வீட்டாள் ஒருவன் போய்க் கயிறு பிடிக்க வேண்டும். ஆனால் பங்கு, வராமல் நின்றவனுக்குத்தான். பிடித்தவன் ஒரு சூடையைக்கூடத் தொடமாட்டான். யாரும் போகாவிட்டால் சம்மாட்டி வெளியாள் ஒருவனைக் கொண்டுவந்து விடுவார், பிறகு இடம் போனது போனதுதான். றொபின் நெருப்புக் காய்ச்சலில் கிடந்த வருஷம் சுபாஸ் இப்படித்தான் அவனுடைய கயிற்றைப் பிடித்தான். கலியாணமான புதிதில் றொபினும் வலை இழுத்தவன்தானே. நல்ல மச்சினன் என்று அன்றைக்குக் கரை முழுக்கச் சுபாசைச் சொன்னது.

சனிக்கிழமை பின்னேரம் றொபினும் மற்ற ஆட்டக்காரரும் மைதானத்து வாசலில் போய் நின்றார்கள். றெபேக்கா புட்டும் சூடைக் குழம்பும் எடுத்துக்கொண்டு நிருஷனின் வீட்டுக்குப் போனாள். நிருஷனின் தாய் உதயகலா வாங்கி வைத்துவிட்டு, "உனக்கேன் பிள்ளை வீண் கரைச்சல்?" என்றாள். அது அவள் நன்றி சொல்கிற விதம். நிருஷன் கட்டிலில் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரருக்காக ஆட்டமெல்லாம் தொலைபேசியில் நேரடியாகப் போகும்.

"பத்துப் பேரைத்தான் பிடிச்சிருக்கினம் அக்கா," என்றான் சிரித்துக்கொண்டு. "இப்ப பாருங்கோ, நடுவர் விசிலை ஊதிப்போட்டு வீட்டை போகச் சொல்லுவார்."

பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. றெபேக்காவுக்கு முகம் ஒன்றும் தெரியவில்லை, சட்டைகள் தெரிந்தன. கழுத்தில் தையல் விட்டு அவள் தைத்துக் கொடுத்த ஏழாம் நம்பர். கறை போகாத நாலாம் நம்பர். கடைசியாய் ஒன்றாம் நம்பர் வந்தது. நடக்கிற நடை அவளுக்குத் தெரிந்த நடை. மணலில் காலை அகட்டி வைத்து நடந்து பழகினவன் புல்லிலும் அப்படித்தான் நடப்பான்.

நிருஷன் தொலைபேசியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். பிறகுதான் றெபேக்காவைப் பார்த்தான்.

"உவன் உன்ரை தம்பியெல்லே," என்றாள் உதயகலா.

றெபேக்கா என்ன சொல்லுவாள்? சட்டையைத் தோய்த்தவள் அவள். ஸ்திரிக்கை போட்டவள் அவள். பையைக் கையில் கொடுத்து விட்டவளும் அவள்தான்.

"எனக்குத் தெரியாது அன்ரி. சத்தியமாய்த் தெரியாது."

"தெரியாமல் இருக்கலாம்," என்றாள் உதயகலா. குரல் உயரவில்லை. அதுதான் றெபேக்காவைச் சுட்டது. "ஆனால் பிள்ளை, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் எண்டு உனக்குத் தெரியுந்தானே. புருஷன் வெளியிலை நிண்டு கொடி பிடிக்கிறான், பெண்சாதி தம்பிக்குச் சட்டை போட்டு உள்ளை விட்டிருக்கிறாள். எந்தப் பக்கம் வெண்டாலும் அவைக்குச் சோறு. அப்பிடித்தான் சொல்லும். நான் சொல்லேல்லை."

புட்டுக் கொண்டுபோன சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஆட்டத்தின் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

றொபின் பொழுதுபடுகிற நேரத்தில் வந்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தான். கிணற்றடியில் கால் முகம் கழுவினான். துவாயைக் கொடுத்தபோது வாங்கினான், துடைத்தான், கொடியில் போட்டான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

"நான் மாஸ்ரரிட்டைக் குடுக்கத்தான் பையைக் குடுத்தனான்," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"நீங்கள் என்னை நம்புறியளே?"

"உன்னை நம்பாமல் ஆரை நம்புறது? நான் வாசலிலை நிண்டனான். எங்கடை பெடியள் எல்லாரும் பக்கத்திலை நிண்டவங்கள். சுபாஸ் இறங்கினவுடனை ஒருத்தனும் அவனைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தவங்கள்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். "ரெண்டு பேர் அந்த இடத்திலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள். சொல்லிப்போட்டும் போகேல்லை."

படலை திறக்கிற சத்தம் கேட்டது. சுபாஸ்தான். தோளில் சட்டைகள் கிடந்த பை, முகத்தில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது றெபேக்காவுக்கு அவனைப் பிடித்து நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல் இருந்தது. பையை இறக்கி வைத்தான். காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்து, இடது கையால் நீட்டினான்.

"அத்தான், இந்தாங்கோ. உங்கடை பங்கு."

"என்ன பங்கு?"

"இண்டைக்கு நிண்டதுக்கு மாஸ்ரர் தந்தவர். நான் திறந்தும் பாக்கேல்லை. உங்கடை இடத்திலை நிண்டது, உங்களுக்குத்தானே வரவேணும்."

றொபின் உறையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். ஏசுவதற்கு வைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. ஊர் முழுக்கத் தன்னைக் கள்ளனாய்ப் பார்க்கிறது, இவனோ பங்கு கொண்டுவந்து நிற்கிறான்.

"நீ என்ன செய்து போட்டு வந்திருக்கிறாய் எண்டு உனக்கு விளங்குதே?"

"நான் என்ன களவே எடுத்தனான்? மன்னாரிலையிருந்து ஒரு கோலி வரப்போறான் எண்டு மாஸ்ரர் சொன்னவர். அவன் வந்து நிண்டால் உங்கடை இடம் போச்சு. பிறத்தியான் நிக்கிறதிலும் பார்க்க நான் நிண்டால் நல்லதெல்லே. நீங்கள் திரும்பி வாற அண்டைக்கு நான் விலகிறன். கயிறு வெறுமையாய்க் கிடக்கக் கூடாது அத்தான்."

"டேய், அது வெறுமையாய்க் கிடக்க வேணுமெண்டுதானேடா நான் வீடு வீடாய்த் திரிஞ்சனான்."

சுபாஸ் நீட்டின உறையைப் பையின் மேல் வைத்தான்.

"வலையிலை ஒருத்தன் வராட்டில் மற்றவன் பிடிக்கிறது சரி," என்றான் றொபின். மெதுவாகத்தான் சொன்னான், அவ்வளவு அலுப்பு. "வலை வராட்டில் எல்லாற்றை வீட்டிலையும் அடுப்பு எரியாது. அதாலை பிடிக்கிறம். இது அப்பிடியில்லை. இஞ்சை எல்லாரும் கையை விட்டால்தான் நிருஷன்ரை காலுக்கு ஒரு வழி பிறக்கும். ஒரு இடம் வெறுமையாய் இருந்தது. ஒரே ஒரு இடம். அதுதான் எங்கடை பலம். அதிலை போய் நிண்டிருக்கிறாய்."

"எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை."

"மாஸ்ரர் சொல்லமாட்டார். நான் சொல்லியிருக்க வேணும்." றொபின் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தடவினான். "புலோலியிலை இருக்கிற ஆக்களுக்கெல்லாம் போய்ச் சொன்னனான். நீ எங்கடை ஆள், உனக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு விட்டிட்டன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். நல்லது செய்கிறேன் என்று வந்தவனை ஏசவும் முடியாது, ஏசாமல் இருக்கவும் முடியாது. றெபேக்கா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சுபாஸ் மறுபடியும் இடது கையைத்தான் நீட்டினான்.

"மற்றக் கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. பந்து பட்டது."

அவள் அவனுடைய வலது கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு விரல்கள் வீங்கி, தோல் மினுங்கிக்கொண்டு நின்றன. நகத்தடி நீலம். தொட்டதும் பல்லைக் கடித்தான்.

"கையுறை போடாமலே நிண்டனீ?" என்று கேட்டான் றொபின். அவ்வளவு கோபத்திலும் கோலி கோலிதான், அந்தக் கேள்வி வாயில் தானாய் வந்துவிட்டது.

"உங்கடையை உங்களைக் கேக்காமல் எடுக்கேலாதே."

றொபின் எழும்பி உள்ளே போனான். அதற்குப் பிறகு அவன் சுபாசோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கடித உறை அந்தப் பையின் மேலேயே கிடந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோது, வழக்கமாக வந்து கதைக்கிற பெண்கள் ஒருவரும் றெபேக்காவிடம் வரவில்லை. நேருக்கு நேர் கண்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அவசரமாய்ப் போக வேண்டிய வேலை ஒன்று எல்லோருக்கும் இருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊர் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் சுபாசின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். விரல் எலும்பு இரண்டும் உடைந்திருந்தது. ஒன்று வளைந்துதான் பொருந்தும், கயிறு பிடிக்கிற கையென்றால் கொஞ்சக் காலத்துக்கு மறந்துவிடு என்று டொக்ரர் சொன்னாராம். அதே நாளில் கழகத்துக்கு மூன்று பேர் திரும்பிப் போனார்கள். முதலாளியிடம் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்தும் வைத்தார்களாம். ஏனென்று கேட்டவர்களிடம், தலைவனே வீட்டாளை விட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறான், நாங்கள் மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று சொன்னார்களாம். றொபின் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். அவர்கள் சொன்னதில் பிழை பிடிக்க அவனாலும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை இராசசிங்கம் மாஸ்ரர் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கழகத்தின் முகாமையாளர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கனடாவுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலி எடுத்த மனுஷன். படலையடியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"பிள்ளை, சட்டையளை எடுக்க வந்தனான்."

"வாங்கோ மாஸ்ரர். இருங்கோ."

"இல்லை, நிக்கிறன்." குரலைத் தாழ்த்தினார். "றொபின்ரை பேரை எடுத்துப் போட்டினம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தனான். வந்து கையெழுத்து வைச்சால் திரும்பச் சேர்ப்பினம். ஆனால் தலைவன் இல்லை."

"அவருக்கு நான் சொல்லுறன். என்ரை தம்பியின்ரை கைக்கு என்ன மாதிரி மாஸ்ரர்?"

"அதையும் கேட்டனான். அவன் ஒப்பந்தக்காரன் இல்லையாம், மாற்றாளாம். கழகம் பொறுப்பில்லையாம்."

"நிருஷன் ஒப்பந்தக்காரன். அவனுக்கும் பொறுப்பில்லை எண்டுதானே சொன்னவை?"

மாஸ்ரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். காற்று அவருடைய நரைத்த மயிரைக் கிளப்பியது. பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கிணற்றடியிலிருந்து சட்டைகள் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை கட்டின முடிச்சு அப்படியே இருந்தது, கடித உறையை அதில் செருகியிருந்தாள். மூன்று நாள் வேர்வை நாற்றம் மாஸ்ரரின் மூக்குக்கு வந்திருக்க வேண்டும், ஒரு அடி பின்னால் போனார்.

"தோய்க்கேல்லையே?"

"இல்லை. இனித் தோய்க்கவும் மாட்டன்."

"நீயுமோ பிள்ளை? உனக்கும் கழகத்துக்கும் ஒரு பிரச்சினையும் இல்லையே. சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. பருத்தித்துறையிலை ஆர் இதை உடனை தோய்ச்சுத் தருவினம்?"

"அதுக்கும் மன்னாரிலை ஆரும் இருப்பினம் மாஸ்ரர்." சொல்லிவிட்டுத் தனக்கே வெட்கமாய் இருந்தது. அவரிடம் சொல்லி என்ன? "முடிச்சிலை ஒரு கடித உறை கிடக்கு. சனிக்கிழமை நீங்கள் குடுத்தது. அதையும் எடுங்கோ. அது இந்த வீட்டிலை ஒருத்தற்றையும் இல்லை."

உள்ளேயிருந்து றொபினின் குரல் கேட்டது. "மாஸ்ரருக்கு ஒரு பிளேன்ரீ குடு. வெயிலுக்கை வந்திருக்கிறார்."

மாஸ்ரர் குடிக்கவில்லை. பையை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். அந்த வேலையும் போனது. றெபேக்கா வெறும் கொடிகளைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை, பசிதான் வந்தது.

பின்னேரம் சுபாசின் பெண்சாதி மேர்சி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, முகம் அழுது வீங்கி.

"மச்சாள், சம்மாட்டி ஆள் விட்டவர். நாளைக்கு ஆரும் கயிறு பிடிக்க வராட்டில் வெளியாளைப் போடப் போறாராம். ரெண்டு நாள் பொறுத்திட்டாராம். இவருக்கெண்டு ஆர் இருக்கினம்? மாமாவும் இல்லை, கூடப் பிறந்த ஆம்பிளையும் இல்லை."

றெபேக்கா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கதவு அரைவாசி சாத்தியிருந்தது. றொபின் உள்ளே கட்டிலில் படுத்திருந்தான், நித்திரையில்லை என்று அவளுக்குத் தெரியும். மேர்சியும் அந்தக் கதவைத்தான் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்தார்களே தவிர ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? அந்த மனுஷனுடைய பெயர், வேலை, தலைவன் என்ற மரியாதை எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் கொண்டுபோனவனுக்காக, அந்த மனுஷனிடமே போய் என்ன கேட்பது?

"நீ போ. கர்த்தர் ஒரு வழி காட்டுவார்," என்றாள் றெபேக்கா. வேறு ஒன்றும் சொல்ல இல்லாதபோது சொல்லுகிற பேச்சு அது என்று மேர்சிக்கும் தெரியும்.

காலையில் றெபேக்கா எழும்பியபோது பக்கத்தில் ஆள் இல்லை. சைக்கிள் இருந்தது. கொடியில் கிடந்த, இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் காணவில்லை. அவள் பானையில் தண்ணீரை வைத்தாள், தேயிலையைப் போட்டாள், போத்தலில் ஊற்றிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

கடல் குளம்போலக் கிடந்தது. சோளகம் முதுகுப் பக்கமிருந்து அடித்து மணலைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. வலையைத் தூரத்தில் வளைத்துவிட்டு வள்ளம் கரைக்கு வந்திருந்தது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் பின்பக்கமாய்ச் சாய்ந்து, வலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாகூடப் பாடாமல், ஒருவரோடொருவர் கதைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெற்குக் கயிற்றில், கடலிலிருந்து நாலாவது ஆளாய் நின்றான் றொபின். அது சுபாசின் இடம். அவனுக்கு முன்னால் நின்றவன் கழகத்துக்குத் திரும்பிப் போன ஒருவனின் தமையன். பின்னால் நின்றவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் அவனுக்கு அந்த இடத்தை விட்டு நின்றார்கள்.

பந்து பிடித்துப் பழகின கைக்குக் கயிறு மறந்துபோயிருந்தது. உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துத் துடைத்துப் பிடித்தான். றெபேக்கா வலைகாரர் தங்குகிற ஓலை வாடியின் நிழலில் போத்தலை வைத்துக்கொண்டு இருந்தாள். கூப்பிடவில்லை.

மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு வர வெயில் ஏறிவிட்டது. பெரிய மீன்பாடு என்று சொல்ல முடியாது. சூடையும் நெத்தலியும், நடுவில் நாலைந்து பாரைக்குட்டி. சம்மாட்டி வந்து பார்த்தார், பங்கு பிரித்தார். றொபினுக்கு முன்னால் வந்தபோது நிமிர்ந்து பார்த்து, "ஆருக்கு?" என்று கேட்டார். தெரிந்துகொண்டுதான் கேட்டார். பத்துப் பேர் காதில் விழ வேண்டுமென்று கேட்டார்.

"சுபாசுக்கு," என்றான் றொபின்.

சம்மாட்டி கறிக்கென்று கொடுக்கிற மீனைப் பையில் அள்ளிப் போட்டார். காசுப் பங்கை மேர்சியிடம் கொடுத்துவிடுவதாய்ச் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போனார்.

றொபின் வாடிக்கு வந்து தேத்தண்ணியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. றெபேக்கா அதைப் பார்த்தாள், அவன் கையை மூடிக்கொண்டான்.

"இந்தா. இதை மேர்சியிட்டைக் கொண்டு போய்க் குடு. சுபாசின்ரை பங்கு."

பையை வாங்கினாள். வீட்டில் கறிக்கு ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"எங்களுக்கு ரெண்டு சூடை எடுக்கட்டே?"

"தொடாதை. நான் அவன்ரை இடத்திலை நிண்டனான்."

அவள் பையின் வாயைச் சுற்றிக் கட்டினாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். போகலாமென்று அவள் திரும்பியபோது மறுபடியும் கூப்பிட்டான்.

"நாளைக்கும் நான்தான் வருவன் எண்டு சொல்லு. அவன்ரை கை சுகமாகுமட்டும் வருவன் எண்டு சொல்லு." காலிப் போத்தலை நீட்டினான். "நான் அவனோடை இன்னும் கதைக்கேல்லை. அதையும் சொல்லு."

"சொல்லுறன்," என்றாள் றெபேக்கா.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் சோறும் தேங்காய்ச் சம்பலும்தான். றொபினால் கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை. அவள் கரண்டி எடுத்துக் கொடுத்தாள்.